ராணுவத்தில் மத போதகர் ஆவது எப்படி: விண்ணப்பம் முதல் சுபேதார் மேஜர் வரை

ராணுவத்தில் கோயில் இருக்கிறதாம், பூஜை செய்ய ஆள் எடுக்கிறார்களாம், சம்பளம், பென்ஷன் எல்லாம் உண்டாம் என்று கேள்விப்பட்டு என்னிடம் விசாரிக்க வரும் இளைஞர்கள் அதிகம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் மனதில் இருக்கும் வேலை வேறு, அங்கே போனதும் கையில் வந்து விழும் வேலை வேறு. பல வருஷம் இந்தப் பணியில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர். அறிவிப்பில் இந்தப் பதவி 'ரிலிஜியஸ் டீச்சர்' என்று வரும், சுருக்கமாக ஆர்.டி. இந்தியில் தர்ம குரு. யூனிட்டில் உங்களை, இந்துவாக இருந்தால் பண்டிட்ஜி, சீக்கியராக இருந்தால் கிரந்தி சாப், முஸ்லிமாக இருந்தால் மௌல்வி சாப், பாதிரியாராக இருந்தால் பாதர் என்று அழைப்பார்கள். பல நாடுகளில் ராணுவப் பாதிரியார்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, அவர்கள் அதிகாரிகளாகவே சேர்வார்கள். நம் ராணுவத்தில் அப்படித் தனிப் பிரிவு கிடையாது. சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் இருக்கும் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) வரிசையில், அதன் முதல் படியான நாயப் சுபேதாராக நீங்கள் நேரடியாகச் சேர்கிறீர்கள். ஒரு சிப்பாய் பல வருஷம் உழைத்து எட்டும் இடம் அது. உங்களுக்கு முதல் நாளே கிடைக்கிறது. அதை அங்கே யாரும் மறக்க மாட்டார்கள், நீங்களும் மறக்கக் கூடாது. இது நான்கு வருஷ அக்னிவீர் திட்டத்துக்குள் வராத, நிரந்தரப் பணி. ஆண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். கல்யாணம் ஆனவர்களும் விண்ணப்பிக்கலாம்.

முதல் படி: வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆள்சேர்ப்பு அறிவிப்பில் கடமைகள் என்று ஒரு சின்னப் பத்தி இருக்கும். எல்லோரும் அதைத் தாண்டிப் போய் வயது, சம்பளம் பார்ப்பார்கள். அந்தப் பத்தியைத்தான் பத்து தடவை படிக்க வேண்டும். யூனிட் வழிபாட்டுத் தலத்தில் சடங்குகள் நடத்துவது, சமய நூல்களை எடுத்துச் சொல்வது. சரி, இது எதிர்பார்த்ததுதான். அதற்கு அப்புறம் வருபவற்றைப் பாருங்கள்: இறுதிச் சடங்குகளில் இருப்பது, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, உடம்பு தேறி வருபவர்களோடு பிரார்த்தனை செய்வது, தண்டனை அனுபவிக்கும் சிப்பாய்களைச் சந்திப்பது, பிள்ளைகளுக்குச் சமய பாடம் சொல்லிக் கொடுப்பது.

அடைத்து வைக்கப்பட்டிருக்கும் சிப்பாயைப் பார்க்கப் போவது என்பது லேசான காரியம் இல்லை. அவனை யூனிட்டே வெறுத்துக்கொண்டிருக்கும். அவன் செய்த தப்பு உங்களுக்கும் கோபம் தரும். அப்போதும் போய், அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, வீட்டுக்குக் கடிதம் போட்டாயா என்று கேட்க வேண்டும். நேரக் கணக்கு பார்த்தால் ஆரத்தியும் பூஜையும் என் நாளில் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் மனிதர்கள். இந்த விகிதம் உங்களுக்குச் சரிப்படுமா என்று யோசித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: தகுதி

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். எல்லாப் பிரிவுக்கும் ஏதாவது ஒரு பாடத்தில் பட்டம் கட்டாயம். அதற்கு மேல் அந்தந்த மதத்துக்கு உரிய தகுதி கேட்பார்கள்.

பண்டிட் பிரிவுக்கு சமஸ்கிருதத்தில் ஆச்சாரியா, அல்லது சமஸ்கிருதத்தில் சாஸ்திரியோடு கர்மகாண்டத்தில், அதாவது சடங்கு முறைகளில், ஒரு வருஷ டிப்ளமோ. கிரந்திக்குப் பஞ்சாபியில் 'ஞானி' என்ற படிப்பு. மௌல்விக்கு அரபியில் மௌல்வி ஆலிம் அல்லது உருதுவில் அதீப் ஆலிம். பாதிரியார் என்றால் முறைப்படி குருப்பட்டம் பெற்று, உள்ளூர் ஆயரின் அங்கீகாரப் பட்டியலில் இன்னும் பெயர் இருக்க வேண்டும். பௌத்தத் துறவிகள், ஷியா மௌல்விகள், கூர்க்கா படைப்பிரிவுகளுக்கான பண்டிட்கள் என்று தனி இடங்களும் வரும்.

வேத பாடசாலையில் எட்டு வருஷம் படித்து, ஸ்வரம் பிசகாமல் ருத்ரம் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பட்டம் இல்லாததால் விண்ணப்பமே போட முடியவில்லை. ஆகமம் கற்றுப் பெரிய கோயிலில் பூஜை செய்பவருக்கும் இதே கதிதான். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் விதி அது. இருபது வயதில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நல்ல நேரத்தில் படிக்கிறீர்கள். திருப்பதி தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம், மத்திய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் போன்ற இடங்களில் சாஸ்திரி, ஆச்சாரியா படிக்கலாம். சாஸ்திரி இளங்கலைக்குச் சமம், ஆச்சாரியா முதுகலைக்குச் சமம்.

ஒரு எச்சரிக்கை. தென்னிந்தியாவில் சிரோமணி, அரபியில் அஃப்ஸலுல் உலமா என்று நம் பக்கத்துப் பெயர்களில் பட்டங்கள் உண்டு. உங்கள் சான்றிதழில் உள்ள பெயர் அறிவிப்பில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகவில்லை என்றால், விண்ணப்பத்துக்கு முன்பே பல்கலைக்கழகத்திடமிருந்து சமானச் சான்று வாங்கி, ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள். சரிபார்ப்பு மேஜையில் நின்றுகொண்டு விளக்கம் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆயர் அமைப்பு இல்லாத சபைகளின் போதகர்களுக்கு அந்த 'ஆயரின் பட்டியல்' என்ற வரி பெரிய தடை. முதலிலேயே தெரிந்துகொண்டால் வருஷங்கள் வீணாகாது.

பண்டிட் பிரிவு அறிவிப்பில் சாதி பற்றி ஒரு நிபந்தனையும் கிடையாது. இந்துவாக இருந்து, படிப்பு இருந்தால் போதும். எந்தக் குடும்பத்தில் பிறந்தவராக இருந்தாலும் தயங்காமல் விண்ணப்பியுங்கள். வரிசையில் நிற்கும் சிப்பாய்க்கு நீங்கள் பண்டிட்ஜி, அவ்வளவுதான்.

வயது 25 ஆகியிருக்க வேண்டும். மேல் வரம்பு முப்பதுகளின் நடுவில் எங்காவது நிற்கும், அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். உயரம் பொதுவாக 160 செ.மீ., மார்பளவு 77 செ.மீ. கூர்க்கா, லடாக், தீவுப் பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்கு உயரத்தில் சலுகை உண்டு.

மூன்றாம் படி: விண்ணப்பமும் தேர்வும்

விண்ணப்பம் ராணுவத்தின் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' இணையதளத்தில் மட்டும்தான். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி ஆகிய இடங்களில் ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் இருக்கின்றன. சந்தேகம் என்றால் நேரில் போங்கள். பணம் கொடுத்தால் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று எவர் வந்தாலும், ராணுவ உடை போட்டிருந்தாலும் சரி, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் மூன்றிலும் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நமக்கு இனிஷியல் பழக்கம். ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் விரிந்திருக்கும். அதைத் திருத்த அலைவதற்கே மாதங்கள் ஆகும்.

எழுத்துத் தேர்வில் இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் 50 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் தாள் பொது அறிவு, இரண்டாம் தாள் உங்கள் மதம் சம்பந்தப்பட்டது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறையும், ஆகவே தெரியாததைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். இரண்டாம் தாள் நமக்குத் தெரிந்ததுதானே என்று சும்மா இருந்துவிட்டு, முதல் தாளில் கோட்டை விட்டவர்கள்தான் அதிகம்.

நான்காம் படி: ஓட்டம்

1600 மீட்டர், 8 நிமிடம். 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஓடிவிடுவான். ஆனால் பத்து வருஷம் சம்மணம் போட்டு உட்கார்ந்தே படித்து, உட்கார்ந்தே ஹோமம் செய்த உடம்புக்கு முதல் சுற்றிலேயே மூச்சு முட்டும்.

மூன்று மாதம் ஒதுக்குங்கள். முதல் மாதம் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல், நிற்காமல் ஓடுவது மட்டும். இரண்டாம் மாதம் ஒரு சுற்றை இரண்டு நிமிடத்துக்குள் ஓடி, ஒரு சுற்று நடந்து, மறுபடி ஓடுங்கள். மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை முழு நான்கு சுற்று, கையில் கடிகாரத்தோடு. புது ஷூவைத் தேர்வு நாளில் போடாதீர்கள். வெறுங்காலோடு நடந்து பழகிய பாதம் புது ஷூவில் கொப்புளித்துவிடும். என் கூட வந்த ஒருவர் மூன்றாவது சுற்றில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். 8 நிமிடத்துக்குள் வந்துவிட்டார் என்பது வேறு விஷயம், அடுத்த இரண்டு நாள் அவரால் நடக்க முடியவில்லை.

மருத்துவப் பரிசோதனைக்கு முன் காது, பல், கண் மூன்றையும் ஊரிலேயே காட்டிச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

ஐந்தாம் படி: நேர்முகத் தேர்வு

சுலோகம் சொல்லச் சொல்வார்கள், பொருள் கேட்பார்கள், ஒரு சடங்கின் முறை கேட்பார்கள். அதெல்லாம் படித்தவருக்கு வந்துவிடும். தவறாமல் தயார் செய்ய வேண்டியது இரண்டு.

ஒன்று, இந்தி. மதராஸ் ரெஜிமென்ட்டோ, 'தம்பிகள்' என்று பெயர் வாங்கிய பெங்களூர் மதராஸ் சாப்பர்ஸோ கிடைத்தால் தமிழ் காதில் விழும். ஆனால் போஸ்டிங் நம் கையில் இல்லை. வடக்கத்திப் படைப்பிரிவில் ஒரு ஜாட் பையன் தன் அம்மாவைப் பற்றிப் பேச வரும்போது உங்களுக்கு அவன் பேச்சு புரிய வேண்டும். இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை, பேசத் தயங்கக் கூடாது. ஆரத்திப் பாட்டுகளையும் அனுமான் சாலிசாவையும் வட இந்திய மெட்டில் கற்றுக்கொள்ளுங்கள். சிப்பாய்கள் கூட்டமாகச் சேர்ந்து பாடுவது அவற்றைத்தான்.

இரண்டாவது, பிற மதங்கள். பல யூனிட்களில் 'சர்வ தர்ம ஸ்தல்' இருக்கும். ஒரே கூரையின் கீழ் சாமி படமும் குரு கிரந்த சாஹிபும் குர்ஆனும் சிலுவையும். சில இடங்களில் நான்கு மதத்துக்கும் ஆள் இருக்க மாட்டார்கள், நீங்கள் ஒருவர்தான். ஈத் அன்றைக்கு ஏற்பாடு செய்து கொடுப்பதும், கிறிஸ்துமஸ் அன்றைக்கு முன்னால் நிற்பதும் உங்கள் பொறுப்பாகலாம். மனசார உங்களால் முடியுமா? இதை விண்ணப்பத்துக்கு முன்பே உங்களுக்குள் கேட்டு முடித்துவிடுங்கள். ரெஜிமென்ட் வழிபாட்டில் கருவறைக்குள் வர மறுத்ததற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்ட கிறிஸ்தவ அதிகாரி ஒருவரின் வழக்கில், 2025-இல் டெல்லி உயர்நீதிமன்றமும் பிறகு உச்சநீதிமன்றமும் ராணுவத்தின் முடிவில் தலையிட மறுத்துவிட்டன. அந்தத் தீர்ப்பைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், சேர்ந்து வணங்குவதைப் படையின் கட்டுக்கோப்போடு சேர்த்துத்தான் ராணுவம் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே வாருங்கள்.

ஆறாம் படி: பயிற்சி

தேர்வானவர்களுக்கு புனேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் பயிற்சி. எல்லா மதத்து ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். பக்கத்துக் கட்டிலில் கிரந்தி, எதிர்க் கட்டிலில் மௌல்வி. அவருடைய தொழுகை நேரம் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும், உங்கள் சந்தியாவந்தன நேரம் அவருக்கு. மற்ற மதங்களின் அடிப்படைகளோடு மன ஆலோசனையும் அங்கே சொல்லித் தருகிறார்கள். அந்த ஆலோசனை வகுப்பில் குறிப்பு எடுங்கள். எனக்குப் பிற்காலத்தில் சோறு போட்டது அந்த நோட்டுதான்.

ஏழாம் படி: யூனிட்டில் முதல் வருஷம்

போன முதல் வாரமே கோயிலைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்காதீர்கள். லங்கரில், அதாவது யூனிட்டின் சாப்பாட்டுக் கூடத்தில், சிப்பாய்களோடு சாப்பிடுங்கள். காலை பி.டி.க்குப் போங்கள், மாலை வாலிபால் நடக்கும் இடத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் பத்துப் பேர் பெயராவது ஊரோடு தெரிந்துகொள்ளுங்கள். வாராந்திர மந்திர் பரேடில் பேசச் சொல்வார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். விடியற்காலையில் கார்டு டியூட்டி முடித்து வந்தவன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பான்.

பெரிய நிகழ்ச்சிகள் தானாக வரும். தசராவுக்கு சஸ்திர பூஜை, துப்பாக்கியிலிருந்து பீரங்கி வரை குங்குமம். படைக்கு நிஷான் என்னும் கொடியை வழங்கும் விழாவில் அடுக்கி வைத்த முரசுகளின் மேல் அதைச் சாத்தி, எல்லா மதத்து ஆசிரியர்களும் ஆசீர்வதிப்பார்கள். பயிற்சி மையத்தில் போஸ்டிங் என்றால் கசம் பரேட் உண்டு. பயிற்சி முடித்த பையன்கள் தங்கள் மத நூலின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். நூலைப் பிடித்திருப்பது நீங்கள். பத்தொன்பது வயதுப் பையனின் விரல் நடுங்குவது அந்தப் புத்தகத்தின் வழியாக உங்கள் உள்ளங்கைக்குத் தெரியும்.

என் முதல் இறுதிச் சடங்கில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மந்திரம் ஒன்றுகூட விடாமல், உச்சரிப்பு சுத்தமாக, நீளமாகச் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் அந்தப் பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியாக என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அவனுடைய ஹவில்தார்தான், ராஜ்மா சாதம், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான் என்றார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அன்றிலிருந்து எந்தச் சாவுக்கும் முதலில் லங்கருக்கும் அவன் படுத்திருந்த பாரக்குக்கும் போய்விட்டுத்தான் குடும்பத்தைப் பார்க்கப் போவேன். யாரோடு கடைசியாகப் பேசினான், எதற்குச் சிரித்தான், அடுத்த லீவுக்கு என்ன திட்டம் வைத்திருந்தான். நீங்களும் இதைச் செய்யுங்கள். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும் செய்யுங்கள்.

அப்புறம், தனியாக வருபவர்கள். மாலை ஆரத்தி முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவன் மட்டும் படியில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவைக் கட்டுவான், அவிழ்ப்பான், மறுபடி கட்டுவான். பிரசாதத்துக்கு நிற்கிறேன் என்பான். அவனுக்குப் பிரசாதம் வேண்டாம். நீங்கள் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும், கேள்வி கேட்காமல். வீட்டில் நிலத் தகராறு, மனைவியோடு மனஸ்தாபம், லீவு கிடைக்கவில்லை, கடன் என்று பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் முதலிலேயே வாக்குக் கொடுக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், அல்லது பிறரைச் சுடும் எண்ணம் அவன் பேச்சில் தெரிந்தால் அந்த நிமிடமே கம்பெனி கமாண்டருக்கும் டாக்டருக்கும் சொல்லியாக வேண்டும். அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போய்ச் சொல்லாதீர்கள். கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். மற்ற எல்லாவற்றையும் உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஒருவன் குடும்ப விஷயம் உங்கள் வாயிலிருந்து வெளியே போனால், அந்த யூனிட்டில் உங்களிடம் இனி பிரசாதம் வாங்கத்தான் வருவார்கள்.

எல்லையில், உயரமான மலைகளில் போஸ்டிங் வரும்போது கோயில் என்பது பங்கருக்குள் ஒரு பலகையும் ஒரு படமும்தான். போஸ்டுகளுக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கும், அந்த ஓட்டப் பயிற்சி எதற்கு என்று அப்போது புரியும். போர்க்களத்தில் மதப் பணியாளர்களை மதித்துக் காக்க வேண்டும் என்று 1949-ஆம் வருஷத்து முதல் ஜெனீவா ஒப்பந்தத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. ஷெல் விழும்போது அது யாரையும் விசாரித்துவிட்டு விழாது, ஆகவே ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

சம்பளமும் பதவி உயர்வும்

ஏழாவது ஊதியக் குழுவின்படி நாயப் சுபேதாருக்கு அடிப்படை 35,400 ரூபாயில் தொடங்கும். சுபேதார் 44,900, சுபேதார் மேஜர் 47,600. இதோடு ராணுவப் பணி ஊதியம் 5,200, அகவிலைப்படி, இடத்துக்கு ஏற்ற படிகள். தோளில் நாயப் சுபேதாருக்கு ஒரு நட்சத்திரம், சுபேதாருக்கு இரண்டு, சுபேதார் மேஜருக்குச் சிங்க முத்திரை. அதற்கு மேல் மிகச் சிலருக்கு ஜனவரி 26 அல்லது ஆகஸ்ட் 15 அன்று கௌரவ லெப்டினென்ட், கௌரவ கேப்டன் பட்டம் கிடைக்கும்.

பதவி உயர்வு காலியிடத்தையும் உங்கள் வருஷாந்திர ரிப்போர்ட்டையும் பொறுத்தது. ஆர்.டி.க்களின் எண்ணிக்கை குறைவு, அதனால் மேலே போகும் வழி குறுகல்தான். சுபேதார் மேஜர் ஆகியே தீருவேன் என்று கணக்குப் போட்டு வந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

மூத்தவர் ஆனதும் வேலையின் முகம் மாறும். சிப்பாய்கள் மட்டுமல்ல, அதிகாரிகளும் இரவில் கதவைத் தட்டுவார்கள். யூனிட்டின் தலைமை அதிகாரியான சி.ஓ. ஒரு முடிவு எடுப்பதற்கு முன், பசங்க மனசில் என்ன ஓடுகிறது பண்டிட்ஜி என்று கேட்பார். யார் பெயரையும் சொல்லாமல் உண்மையைச் சொல்லத் தெரிய வேண்டும். லீவு நிறுத்தி வைத்ததால் முணுமுணுப்பு இருக்கிறது என்றால் இருக்கிறது என்று சொல்லுங்கள். அவருக்குப் பிடித்ததைச் சொல்ல அங்கே வேறு ஆட்கள் இருப்பார்கள். புதிதாக வரும் இளைய ஆர்.டி.க்களைப் பழக்குவதும் உங்கள் தலையில் விழும். அவர்களை முதல் இறுதிச் சடங்குக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

மாற்றலாகிப் போகும்போது கோயில் சார்ஜை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ராணுவத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. மணி எத்தனை, குத்துவிளக்கு எத்தனை, ஜமுக்காளம், ஹார்மோனியம், டோலக் எல்லாம் லெட்ஜரில் இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவீர்கள். அது முடிந்ததும் புதியவரைக் கூட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி ஒரு நடை நடங்கள். எந்தப் பையனுக்கு அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார், யார் தண்டனை முடிந்து திரும்பி வந்து தலை குனிந்தே நடக்கிறான், எவன் மாலையில் படியில் உட்கார்ந்து நாடாவைக் கட்டிக்கொண்டே இருப்பான் என்று வாய்வழியாகச் சொல்லுங்கள். அதை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். சொன்னதை அவர் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகு பெட்டியைக் கட்டுங்கள்.